உப்பு வரப்பைப் பார்க்கப் போன கதை

சால்ட் லேக் சிட்டி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

 

"லீவு நாள்ல அங்க என்னத்தலே பார்ப்பீங்க?" என்று போனில் கேட்டீர்களே, சொல்கிறேன். சிரிக்கக் கூடாது. நேற்று இரண்டரை மணி நேரம் கார் ஓட்டிப்போய் ஒரு வரப்பைப் பார்த்துவிட்டு வந்தேன். ஒரு உப்பு ஏரித் தண்ணிக்குள் போட்ட வரப்பு. ஆறுமுகநேரி அளத்தில் நீங்கள் வருஷா வருஷம் போடுகிற அதே சங்கதிதான்.

பேர் 'ஸ்பைரல் ஜெட்டி'. ராபர்ட் ஸ்மித்சன் என்ற கலைஞர், 1970 ஏப்ரலில் லாரி, டிராக்டர் வைத்து ஆறாயிரம் டன்னுக்கு மேல் கறுப்புக் கல்லும் மண்ணும் கொட்டி, 1,500 அடி நீளத்துக்கு நத்தை ஓடு மாதிரிச் சுருட்டிவிட்டிருக்கிறார். ஜெட்டி என்றாலும் படகு கட்ட முடியாது. நம்ம மீன்பிடிக்காரர்கள் கேட்கிற தூண்டில் வளைவு மாதிரி அலையைத் தடுக்குமா என்றால் அதுவும் கிடையாது. சும்மா இருக்கும். நாம் போய்ப் பார்க்கணும்.

கடைசி இருபத்தைந்து கிலோமீட்டர் வெறும் சரளை ரோடு. போனில் சிக்னல் இல்லை, டீக்கடை இல்லை, குடிக்கச் சொட்டுத் தண்ணி இல்லை. கடலுக்குப் பக்கத்திலேயே நல்ல தண்ணி ஊறும் நம்ம நாழிக்கிணற்றின் அருமை அங்கேதான் தெரிந்தது. சித்தி கொடுத்துவிட்ட உடன்குடிக் கருப்பட்டியை நக்கிக்கொண்டே நடந்தேன்.

இதில் பெரிய கூத்து, கட்டின இரண்டே வருஷத்தில் ஏரி ஏறி வரப்பு முங்கிவிட்டது. ஸ்மித்சன் 1973இல், டெக்சாஸில் இன்னொரு வேலைக்கு வானத்திலிருந்து இடம் பார்க்கப் போய், விமானம் விழுந்து இறந்துபோனார். வயசு முப்பத்தைந்து. வரப்பு நன்றாக வெளியே தெரிந்தது 2002இல். இப்போது ஏரி வற்றி, தண்ணி எங்கேயோ தள்ளிப் போய்விட்டது. உப்புப் பொருக்கு காலடியில் நொறுங்குகிறது, வெயிலில் கண் கூசுகிறது.

உள்ளே போகிற சுற்று இடப்பக்கமாகவே போகிறது. அப்பிரதட்சணம்! ஆச்சி காதில் போட்டுவிடாதீர்கள். நடுவில் சன்னதி கிடையாது, நாலு கல்தான். அதே வழியில் திரும்பி வரும்போது வலமாகிவிடுகிறது, கணக்கு நேர்.

அந்தப் பக்கத்துத் தண்ணி ரோஸ் கலர். 1959இல் ரயில்பாதைக்குக் கரை போட்டு ஏரியை இரண்டாக அறுத்துவிட்டார்கள். ஆற்றுத் தண்ணியெல்லாம் தெற்கே நின்றுவிட, வடக்கே கடலைப்போல ஏழெட்டு மடங்கு உப்பு. அதில் வாழ்கிற கிருமிகளும் பாசியும்தான் அந்த நிறத்துக்குக் காரணம். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரம்மா வாயைப் பிளந்தார். "எங்க சித்தப்பா பாத்தி கோடையில் இப்படித்தான் சிவக்கும். வரப்பும் அவரே போடுவார்" என்றேன்.

"உங்க சித்தப்பா ஆர்ட்டிஸ்டா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அவர் அடுத்த வருஷம் இந்தியா வருகிறாராம், முகவரி கேட்டார், கொடுத்திருக்கிறேன். வந்தால் உப்பு வாரிக்கொண்டு நிற்காதீர்கள், வரப்பைப் பார்த்தபடி சும்மா நில்லுங்கள்.

உங்கள்
கடைக்குட்டி