மெர்கோங் பாடம்: 'பெரெனியல் குவெஸ்ட்' பாடலின் ஒலிநாடாப் பிரதி பற்றி ஓர் ஆய்வு

பதிற்றுப்பத்தின் முதல் பத்தும் பத்தாம் பத்தும் நமக்குக் கிடைக்கவில்லை. உ.வே.சாமிநாதையர் 1904இல் அந்நூலைப் பதிப்பித்தபோது எட்டுப் பத்துகளோடு மனத்தைத் தேற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. பரிபாடல் எழுபதில் முழுசாகக் கைக்கு வந்தவை இருபத்திரண்டு. இந்த இழப்புகளுக்காகப் பக்கம் பக்கமாகப் புலம்பிய அறிஞர் பெருமக்களில் ஒருவர்கூட, 'டெத்' என்ற அமெரிக்க மெட்டல் குழுவின் பாட்டொன்றில் கடைசி ஐந்தரை நிமிடம் மலேசியாவின் கெடா மாநிலத்து மெர்கோங்கில் காணாமல் போனதைப் பற்றி மூச்சு விடவில்லை. அக்குறையைப் போக்க எழுந்ததே இவ்வாராய்ச்சி.

முதலில் ஆசிரியர் வரலாறு. குழுவை நடத்தியவர் புளோரிடாவின் சக் ஷுல்டினர். 'சிம்பாலிக்' என்னும் தொகுப்பு 1995 மார்ச்சில் வந்தது. டம்பா நகரின் மோரிசவுண்ட் ஸ்டுடியோவில் பதிவானது. ஒன்பது பாட்டு, மொத்தம் 50 நிமிடம் 37 விநாடி. அதில் 'கிரிஸ்டல் மவுண்டன்' கிட்டார் கற்றவர் எல்லாரும் ஒருமுறையாவது தப்பாக வாசித்த பாட்டு. ஒன்பதாவதான 'பெரெனியல் குவெஸ்ட்' 8 நிமிடம் 21 விநாடி. அதிகம் பேசப்படாத பாட்டு. 2001 டிசம்பர் 13 அன்று ஷுல்டினர் மூளைக் கட்டியால் 34 வயதில் இறந்தார். குழுவும் அவரோடு முடிந்தது.

இனி மூலப்பிரதி. மெர்கோங் தொழிற்பேட்டையில் போர்க்லிப்ட் ஓட்டும் அண்ணன் ஒருவரின் வீட்டு அலமாரியில் கிடைத்தது. C90 நாடா, புகைநிற உடல். ஏடு செல்லரிக்கவில்லை, ஆனால் ஒரு மூலையில் பூஞ்சை பிடித்திருக்கிறது. மேல் விளிம்பின் இரு பிளாஸ்டிக் காதுகளும் உடைக்கப்பட்டுள்ளன, வேறு யாரும் மேலே பதிந்துவிடக் கூடாது என்று. பிறகு மனம் மாறி, ஒரு காதின் ஓட்டையில் செலோடேப் ஒட்டப்பட்டிருக்கிறது. பிறகு இன்னொரு மனம் மாறி, அது பாதி பிய்க்கப்பட்டிருக்கிறது. உரிமையாளரின் மனப்போராட்டத்தை இவ்வளவு துல்லியமாகக் காட்டும் ஓலைச்சுவடி எதையும் நாம் கண்டதில்லை.

உறையில் 'டி.எம்.எஸ். முருகன் பாடல்கள்' என்று அச்சாகியிருக்கிறது. இதை ஏடெழுதியவர் பிழை என்று கொள்வது அறியாமை. 2001ஆம் ஆண்டின் நடுவில் பிளாக் மெட்டல் பரபரப்பு மூண்டதே கெடாவில்தான்; பள்ளிப் பிள்ளைகள் வரை சோதனைக்கு உள்ளானார்கள். அதற்கு முன் 1992இல் நீண்ட முடி வைத்த ராக் பாடகர்களை ஆர்.டி.எம். தொலைக்காட்சி ஒதுக்கியது, 'சர்ச்' குழுவின் ஏமி, தகவல் அமைச்சர் கையாலேயே முடி வெட்டிக்கொண்டார். இப்படிப்பட்ட காலத்தில் டெத் மெட்டல் வேறு, பிளாக் மெட்டல் வேறு என்று அம்மாவிடம் பாகுபாடு விளக்கிக்கொண்டிருக்க முடியாது. முருகனைத் துணைக்கு அழைப்பதே நடைமுறை.

இப்போது கணக்கு. C90 நாடாவில் ஒரு பக்கம் 45 நிமிடம். முதல் எட்டுப் பாட்டும் 42 நிமிடம் 16 விநாடியை விழுங்கிவிடுகின்றன. மிச்சம் 2 நிமிடம் 44 விநாடி. நாடா விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடுகிறது. ஆகவே ஒன்பதாம் பாட்டு முழுசாக ஏறுவதற்குக் குறைந்த நாடா சுமார் 16 மீட்டர், அதாவது தொழிற்பேட்டை வாசலில் நிற்கும் கண்டெய்னர் லாரி ஒன்றின் நீளம். ஒரு பாட்டு ஏன் கவனிக்கப்படாமல் போகிறது என்று விமர்சகர்கள் அழகியல் காரணம் தேடுவார்கள். இங்கே காரணம் ஒரு லாரி நீளம். பேசாமல் இரண்டு பக்கத்திலும் பதிந்திருக்கலாமே எனின், மறுபக்கம் ஏற்கெனவே ஆளிருந்தது.

மறுபக்கத்தில் 'பாட்ஷா'. அதுவும் 1995தான், ஜனவரி வெளியீடு. அண்ணனுடைய ரேடியோவில் ஆட்டோ ரிவர்ஸ் உண்டு. எனவே டெத் குழுவின் ஜீன் ஹோக்லன் டிரம்ஸில் வெளுத்து வாங்கிக்கொண்டிருக்கும்போதே, 'டக்' என்று ஓர் ஓசை. பிறகு தேவாவின் இசையில் எஸ்.பி.பி. ஆட்டோக்காரனாக வந்து இறங்குகிறார். ஆண்டுக்கணக்கில் இப்படியே கேட்டவர்களுக்கு இவை இரண்டும் ஒரே பாட்டின் இரண்டு பகுதிகள். உறுமி அடிக்கும் தம்பி ஒருவர், ஹோக்லனின் இரட்டைக் கால்மிதியைக் கேட்டுவிட்டு, "இவன் காலுல ரெண்டு உறுமி கட்டிருக்கான்ணே, அதான் அடுத்து தலைவர் வராரு" என்றார். இதைவிடப் பொருத்தமான உரை வேறு யாரும் எழுதியதாகத் தெரியவில்லை.

பாட்டு நடுவில் அறுபடுவது திட்டமிட்ட உத்தி என்பது ஒரு சாரார் கொள்கை: குழுவின் பெயரே டெத், சாவு சொல்லிக்கொண்டா வரும் என்பது அவர்கள் வாதம். வலுவான வாதம்தான். ஆயினும் நாடா கம்பெனிக்கு இவ்வளவு தத்துவம் தெரிந்திருக்கும் என்பதற்குச் சான்றில்லை. தமிழனுக்கும் இந்த இசைக்கும் என்ன தொடர்பு என்று எதிர்க்கேள்வி போடுவோர், 1992இல் சிங்கப்பூரில் தமிழ் இளைஞர்கள் தொடங்கிய 'ருத்ரா' மெட்டல் குழுவை ஒருமுறை கேட்டுவிட்டு வரவும்.

தொலைந்த பகுதியில் என்ன இருக்கிறது என்பதையும் பதிவு செய்வது கடமை. நீண்ட ஓட்டத்துக்குப் பின் உறுமல் குரல் ஓய்கிறது. கிட்டார் தன் கரகரப்பையெல்லாம் கழற்றி வைத்துவிட்டு, தெளிந்த தந்தியோசையாக மெல்ல நடந்து தொகுப்பை முடிக்கிறது. ஷுல்டினரின் மிக நல்ல இடங்களில் இது ஒன்று என்பது இக்கட்டுரையாளரின் தீர்ப்பு; மேல்முறையீட்டுக்கு இடமில்லை.

இந்த முழுப்பாடத்தைக் கைப்பேசியில் போட்டு அண்ணனிடம் காட்டினோம். மூன்றாம் நிமிடம் வரை தலையாட்டினார். அதற்குமேல் நெற்றி சுருங்கியது. இறுதிப் பகுதி வந்ததும் கைப்பேசியைத் திருப்பித் தந்துவிட்டார்.

"இது சக் வாசிச்சது இல்லடா தம்பி. பின்னாடி எவனோ ஒட்டியிருக்கான்."

இடைச்செருகல் குறித்த இந்த ஐயத்தை அலட்சியப்படுத்த முடியாது. எனவே இரண்டையும் நீள்பாடம், மெர்கோங் பாடம் எனத் தனித்தனியே குறித்திருக்கிறோம். பாட்ஷா எந்தப் பாடத்தில் சேரும் என்பதில் பதிப்புக் குழுவுக்குள் இன்னும் சண்டை.