சகுனியின் வாய்: திருகோணமலைத் துறைமுகத்துப் பார்வையாளர் திறனாய்வு பற்றிய ஒரு முன்னாய்வு

ஈவிரக்கமற்ற அரசியலைக் காட்டும் தொலைக்காட்சித் தொடரைப் பார்ப்பவர், வில்லனின் கொடுமையைக் கண்டு பதறுவார் என்பது நாடகவியலாரின் பழைய நம்பிக்கை. திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றி வாழ்வோருக்கு அந்த நம்பிக்கை பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் துணிபு. இங்கே வில்லன்மேல் சுமத்தப்படும் குற்றம் கொடுமை அன்று, வேலை தெரியாமை. ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பனுவல் மகாபாரதம். 2013 செப்டெம்பரில் ஸ்டார் பிளஸ்ஸில் இந்தியில் தொடங்கி, அடுத்த மாதமே விஜய் டிவியில் தமிழ் பேசி வந்த தொடர் அது. இந்தியில் மொத்தம் 267 பகுதிகள். அது பக்தித் தொடர், அரசியல் தொடர் ஆகாது என்பார் உளர். வாரிசுச் சண்டை, கூட்டணிப் பேரம், போர் தொடங்குகிற வேளையில் யுயுத்சு பக்கம் மாறுவது என்று மூன்றும் ஒருங்கே அமைந்த ஒன்றை வேறெந்தப் பெட்டியில் போடுவது என்று அவர்களே சொல்லட்டும். தமிழில் ஒளிபரப்புத் தொடங்கிய மாதமும் ஆய்வுக்கு உகந்தது. ஐப்பசியில் கிழக்குக் கடலில் வாடை எழுகிறது. சிறு வள்ளங்கள் கரையேறுகின்றன. ஆண்கள் வீட்டில் இருக்கிறார்கள். கருத்துச் சொல்ல ஆள் மிகுந்த பருவம்.

முதன்மைச் சான்று சகுனி. பிரணீத் பட் ஏற்ற அந்தப் பாத்திரம் நொண்டி நொண்டி வரும், ஒரு கண்ணைச் சுருக்கும், தாயக்கட்டையை உள்ளங்கையில் உருட்டும். அதுவரைக்கும் பார்வையாளர் அமைதி காப்பர். பிறகு அது பேசத் தொடங்கும். மருமகனிடம் பேசும், மருமகன் போனபின் கட்டையிடம் பேசும், கட்டையை மடியில் வைத்தபின் தனக்குத் தானே பேசும். அரக்கு மாளிகைக்கு இன்னும் அத்திவாரம் போடவில்லை, அதற்குள் யார் யார் எந்த அறையில் வேகப்போகிறார்கள் என்பது அரண்மனைத் தூண்களுக்கெல்லாம் தெரிந்துவிடும். இந்த இடத்தில்தான் உட்துறைமுக வீதி முதல் சீனன்குடா வரை ஒரே மாதிரியான விமர்சனம் எழுகிறது: "செய்யிறதெண்டால் செய்யவேண்டியதுதானே, உவன் என்னத்துக்கு நிண்டு விளங்கப்படுத்திறான்?" இவ்வாக்கியத்தைக் கூர்ந்து நோக்குக. செய்வது தகுமா என்ற கேள்வி இதில் இல்லை. செயல் ஏற்கப்பட்டுவிட்டது, வாய்தான் மறுக்கப்படுகிறது. காலை மீன் ஏலத்தில் நல்ல அறக்குளா ஒன்றின்மேல் கண் வைத்த முதலாளி அதைத் திரும்பியும் பார்க்கமாட்டார். பக்கத்துச் சூடைக் குவியலைக் காலால் தள்ளி, விலை கேட்டு, முகம் சுளித்து, போகிற போக்கில் தலையை ஒரு தரம் அசைப்பார். மீன் அவருடையதாகிவிடும். இதைத் தினம் காண்கிறவருக்குச் சகுனியின் தனிமொழியைக் கேட்டால், அத்தினாபுரத்துக்கு ஆள் பஞ்சம் வந்த காலத்தில் அவனை வேலைக்கு எடுத்தது போலத்தான் தோன்றும்.

இந்தக் கண்டிப்பு எங்கிருந்து வந்தது? காரணம் துறைமுகம் என்பது எம் முடிபு. 1782 என்ற ஒரே ஆண்டில் இது ஒல்லாந்தரிடமிருந்து ஜனவரியில் ஆங்கிலேயருக்கும், ஆகஸ்ட் முடிவில் பிரெஞ்சுத் தளபதி சுப்ரெனுக்கும் கைமாறியது. சமாதானம் பேசி ஒல்லாந்தரிடம் திரும்பிப் போய், 1795இல் மறுபடி ஆங்கிலேயரிடம் வந்தது. எந்தக் கைமாற்றத்துக்கும் முன்னால் கோட்டை வாசலில் நின்று எவரும் திட்டத்தை விளக்கியதாகக் குறிப்பு இல்லை. பிரித்தானியர் விட்டுப்போன எண்ணெய்த் தாங்கிகளை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 ஜனவரியில் 99 தாங்கிகளும் பங்கு பிரிக்கப்பட்டன: 14 லங்கா ஐஓசிக்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, மிச்சம் 61 இரண்டுக்கும் கூட்டாக. பாண்டவர் ஐந்து ஊர் கேட்டு நடந்த பேச்சு வார்த்தையை விட இந்தக் கணக்கில் நுட்பம் அதிகம்; ஒருவரும் கட்டை உருட்டவில்லை. 2018 நவம்பர் 16 அன்று நாடாளுமன்றத்தில் மிளகாய்த்தூள் பறந்ததையும் இதே வீடுகள், இதே திரையில், இதே கதிரைகளில் இருந்து பார்த்தன. எந்தக் கதாசிரியர் எழுதிக் கொடுத்தாலும் நம்பும்படி இல்லை என்று தயாரிப்பாளர் வெட்டியிருக்கக்கூடிய காட்சி அது. உச்சமாக, 2022 மே 9இல் பதவி விலகிய பிரதமர் மகிந்த ராஜபக்ஷ கொழும்பிலிருந்து கொண்டுவரப்பட்டுத் தங்கவைக்கப்பட்ட இடம் திருகோணமலைக் கடற்படைத் தளம். சனம் தளத்தின் வாசலில் திரண்டது. ஒரு தொடரின் உச்சக்காட்சி, பார்வையாளரின் வீதிக்கே வந்து இறங்கிய நிகழ்ச்சி திறனாய்வு வரலாற்றில் அரிது. அன்று வாசலைப் பார்த்து நின்றவருக்கு, துரியோதனன் மடுவுக்குள் ஒளிவதை மூன்று பகுதிக்கு இழுத்தால் பொறுமை வருமா?

மறுப்புகளைக் கவனிப்போம். அரசியலை எல்லா ஊராரும்தான் பார்க்கிறார்கள், திருகோணமலைக்கு மட்டும் என்ன தனிச் சிறப்பு என்பது முதல் மறுப்பு. இதற்கு இங்கிலாந்தே விடை. பிரதமர் பதவிக்காகக் கொலைவரை போகும் கட்சிக் கொறடாவின் கதையான 'ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்' பிபிசியில் 1990 நவம்பர் 18 அன்று தொடங்கியது. நாலு நாள் கழித்துப் பிரதமர் மார்கரட் தாட்சர் பதவி விலகுவதாக அறிவித்தார். நாடகமும் செய்தியும் ஒரே வாரத்தில் வந்ததை ஆங்கிலேயர் இன்றும் அதிசயமாகச் சொல்லிக்கொள்கிறார்கள். அந்த நாயகனும் கமராவைப் பார்த்துத் தன் சூதையெல்லாம் ஒப்புவிப்பவன்தான். அங்கே அது நடிப்பின் சிகரம் எனப்பட்டது. அதிசயம் வாரக்கணக்கில் நீடிக்காத ஊரில் அது சிகரமாகாது. இரண்டாம் மறுப்பு வலுவானது: முதிய பெண்கள் சகுனியைப் "பாவி, நாசமாய்ப் போவான்" என்று திட்டுகிறார்களே, அது அறச்சீற்றம் அல்லவா? அல்ல. திட்டு எப்போது விழுகிறது என்று பார்க்க வேண்டும். சூது நடக்கும்போது விழுவதைவிட, தங்கையின் பிள்ளைகளை அந்தத் தாய்மாமன் கெடுக்கும்போது கனமாக விழுகிறது. அரசனாய் இருந்து ஊரைக் கெடுத்தால் அது அரசியல். மாமாவாய் இருந்து மருமக்களைக் கெடுத்தால் அது குடும்பப் பிரச்சினை, கலியாண வீடுவரை வரும். இரண்டையும் ஒரே தராசில் வைப்பது ஆய்வு முறைமைக்கு ஒவ்வாது.

மூன்றாம் மறுப்பே எம்மைச் சற்று நிறுத்தியது. வாய்தான் குற்றமென்றால், தொடரில் கண்ணனைவிட அதிகம் பேசுபவர் உண்டா? போர்க்களத்தின் நடுவே தேரை நிறுத்திப் பதினெட்டு அத்தியாயம் பேசியவர். அதுவும் போதாமல் கதையிலிருந்து விலகிப் பார்வையாளரை நேரே நோக்கி வாழ்க்கைத் தத்துவமும் சொல்கிறவர். ஆனாலும் ஊர் அவரைக் குறை சொல்வதில்லை. தொடரிலேயே காரியம் தெரிந்தவர் அவர்தான் என்று ஒத்துக்கொள்கிறது. கடவுள் என்ற சலுகை இதற்குக் காரணமாகாது. கோணேசர் முன்னாலேயே வழக்குப் பேசுகிற ஊர் இது. துரோணரைச் சாய்த்த அசுவத்தாமப் பொய்யையும், சயத்திரதனை வெளியே இழுத்த சூரிய மறைப்பையும் கவனித்தால் விடை கிடைக்கும். காரியம் ஆகுமுன் கண்ணன் எதிரியின் காதில் ஒரு சொல்லும் போடவில்லை. பேச்செல்லாம் சொந்தப் பக்கத்து ஆளிடம், வேண்டிய அளவுக்கு. பார்வையாளரை நோக்கிச் சொல்லும் தத்துவம் கணக்கில் சேராது. அது தொடங்கியதும் வீட்டில் ஒருவர் தேத்தண்ணி போட எழும்புகிறார், ஒருவர் கறியைச் சூடாக்கப் போகிறார், பிள்ளைகளுக்குப் பல் தீட்டச் சொல்லப்படுகிறது. கேட்கப்படாத வசனத்தின்மேல் எந்தத் திறனாய்வாளரும் வழக்குத் தொடர முடியாது.