எட்டு வெள்ளிச் சீமான்கள்

ஆயர் ஈத்தாம் சந்தையோரம் ஒரு கிண்ணம் லக்சா, ஒரு தே தாரேக். எட்டு வெள்ளி காலி. மத்தியானமும் ராத்திரியும் ஈரத்துணிதான். ஆனாலும் நீங்கள் ஏழை இல்லை. 2020 வரை அரசாங்கமே அப்படித்தான் சொன்னது.

அன்று வறுமைக்கோடு மாதம் 980 வெள்ளி, நாலு பேர் குடும்பமென்றால் ஆளுக்கு நாளைக்கு எட்டு வெள்ளி. அதற்கு மேல் ஒரு காசு வந்தாலும் ஏழைப் பட்டம் கிடையாது. அப்படி எண்ணித்தான் 2016-இல் மலேசியா முழுக்க ஏழைகள் 0.4 விழுக்காடு, 24,700 குடும்பங்கள் என்று மார் தட்டினார்கள். 2019 ஆகஸ்டில் ஐ.நா.விலிருந்து வந்த பிலிப் ஆல்ஸ்டன், 16 முதல் 20 விழுக்காடு வரை இருக்கும் என்றார். உலகமே ஒப்புக்கொண்ட முறை இது என்று பொருளாதார அமைச்சர் அஸ்மின் அலி சீறினார். 2020 ஜூலையில் வறுமைக்கோடு 2,208 வெள்ளிக்கு ஏறியது. ஏழைக் குடும்பங்கள் 405,441, அதாவது 5.6 விழுக்காடு. புது அமைச்சரவையிலும் அஸ்மின் இருந்தார். வெளியிலிருந்து ஒருவர் வந்து சொன்ன பிறகுதான் நமக்குப் பசியே எடுத்திருக்கிறது.

2024 ஜனவரியில், உதவி யாருக்கு என்று தீர்மானிக்கத் தரவுத்தளம் ஒன்று வந்தது. பெயர் 'பாடு'. மலாய்க்காரர் வைத்த தமிழ்ப் பெயர்களில் இவ்வளவு பொருத்தமானது வேறில்லை. மார்ச் 31-க்குள் அவரவர் பாட்டை அவரவரே இணையத்தில் பதியச் சொன்னார்கள். கைப்பேசியில் டேட்டா இல்லாதவன் பாடு?

எங்கள் ரைபிள் ரேஞ்ச் பிளாட்டில் ஓர் அக்கா, கடையில் மங்கு கழுவுகிறார். உதவி கேட்க ஒரு கவுண்டருக்குக் கூட்டிப்போனேன்.

"சிலிப் காஜி, சம்பளச் சீட்டு?"

"கையில குடுப்பாங்கம்மா."

"அப்ப முதலாளிகிட்ட கடிதம் வாங்கிட்டு வாங்க."

எந்த முதலாளி தருவான்? தந்தால் இத்தனை வருஷம் ஏன் இபிஎப் சேமநிதி கட்டவில்லை என்று அவன் கழுத்துக்கே வரும். அவன் திருட்டுக்கு அக்காவின் வறுமை சாட்சி. சாட்சியை யார் வரவிடுவார்கள்?

பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு அந்தக் கவலையும் இல்லை. தோட்டத்தில் பிறந்தவர், பிறப்புப் பத்திரம் கிடையாது, இன்னும் நிரந்தரவாசிக்கான சிவப்பு ஐசி. வருமானக் கணக்கெடுப்பு குடிமக்களுக்கு மட்டும். எழுபது வருஷம் இந்த மண்ணிலேயே பட்டினி கிடந்தும் 0.4-இலும் இல்லை, 5.6-இலும் இல்லை.

திருப்பித் தந்த பாரத்தை அக்கா நாலாய் மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார். அரைநாள் கூலி போயிருந்தது. கடிதம் கேட்டாரா என்று நான் விசாரிக்கவில்லை. மறுநாள் விடியுமுன் அதே கடையின் பின்கட்டில் மங்கு கழுவிக்கொண்டிருந்தார்.