தலைகீழ் வாட்ச்சும் கடைமடை விவசாயியும்: ஓர் ஆய்வு

கல்லணைக்கும் பெரிய கோயில் விமானத்துக்கும் வாய்த்த ஆய்வாளர்கள் நர்ஸம்மாவின் நெஞ்சில் குத்தித் தொங்கும் வாட்ச்சுக்கு வாய்க்கவில்லை. அந்த அநீதியைப் போக்கவே இந்த ஆய்வு எழுதப்படுகிறது.

முதலில் ஆய்வுப் பொருள். சின்ன வட்ட முகம், குட்டைச் சங்கிலி, மேலே ஓர் ஊக்கு. 12 தரையைப் பார்க்கும். 6 கூரையைப் பார்க்கும். எதிரே நிற்பவருக்குத் தலைகீழாகவும், குனிந்து பார்க்கும் உடையவருக்கு மட்டும் நேராகவும் தெரியும். ஆகவே வார்டில் எல்லார் கண்ணெதிரே மணி தொங்கினாலும், "சிஸ்டர், மணி என்னாச்சு?" என்று கேட்டுத்தான் ஆக வேண்டும். அதிகாரத்தை இவ்வளவு சிக்கனமாக எந்தச் சோழனும் நிறுவியதில்லை.

இது மேல்நாட்டுச் சரக்கு என்பார்கள். பாதிதான் உண்மை. நியூயார்க்கைச் சேர்ந்த வால்டர் ஹன்ட் 1849இல் ஊக்குக்குக் காப்புரிமை வாங்கினார்; அதைத் தாலிக்கொடியில் கொத்தாக மாட்டி, அவசரத்துக்கு எடுக்கும் கருவிப்பெட்டியாக்கியவர்கள் நம் பெண்கள். அங்கே ஒரு வாட்ச்சையும் சேர்ப்பது சிறிய அடுத்த படி மட்டுமே.

நம் ஊரில் வாட்ச் வருவதற்கு முன் நாடி பார்த்தவர்கள் எண்ணவில்லை. சித்த வைத்தியர் மூன்று விரல் வைத்து நடையைப் பார்த்தார்: வாதம் மயில்போல, பித்தம் ஆமைபோல அல்லது அட்டைபோல, கபம் தவளைபோல அல்லது பாம்புபோல. மொத்தப் பட்டியலும் காவிரி டெல்டா வயலிலும் வரப்பிலும் நடமாடுவது. வைத்தியருக்குப் பயிற்சிக்கூடம் வாசலிலேயே இருந்தது. 1707இல் இங்கிலாந்து வைத்தியர் ஜான் ஃப்ளோயர், சரியாக ஒரு நிமிடம் ஓடும் நாடிக் கடிகாரத்தைப் பற்றி நூல் வெளியிட்டார். மயிலும் ஆமையும் மெல்ல மெல்ல வேலை இழந்தன. பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 60 முதல் 100 என்ற எண் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது. மன்னர் இரண்டாம் சரபோஜி தஞ்சையில் கண் நோயாளிகளின் விவரங்களைப் படத்தோடு எழுதிவைத்ததை இங்கே நினைத்துக்கொள்வது நல்லது. பார்ப்பதைக் கணக்காக எழுதும் வழக்கம் நமக்கும் பழக்கமானதுதான்.

ஆனால் இந்த வாட்ச் டெல்டாவில் தன் உண்மையான மதிப்பைக் காட்டும் இடம் நாடி அல்ல, நரம்பில் ஏற்றும் மருந்து நீரின் சொட்டு. மில்லிக்கு 20 சொட்டு விழும் செட்டில், 500 மில்லி பாட்டில் எட்டு மணி நேரத்தில் ஏற வேண்டுமானால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 21 சொட்டு. நர்ஸம்மா வாட்ச்சைப் பார்த்து எண்ணி, குழாயிலுள்ள உருளையை நகர்த்திவிட்டுப் போவார். பக்கத்தில் நோயாளிக்குத் துணை இருப்பவரோ கடைமடைக்காரர். மேட்டூர் அணை திறந்து எத்தனையோ நாள் கழித்துத் தன் வாய்க்காலுக்கு வரும் தண்ணீரைக் கண்டு வளர்ந்தவர். மெதுவாக வரும் நீர் என்றாலே மேல்மடையில் எவனோ அடைத்திருக்கிறான் என்பது அவர் அனுபவம். "இன்னும் கொஞ்சம் திறந்து விடுங்கம்மா, சுருக்கா ஏறட்டும்." சிலர் கேட்காமல் தாங்களே திறந்துவிடுவதும் உண்டு. இதய நோயாளிக்கு அது நுரையீரலில் நீர் கோக்கும் வழி. வயல் தாங்கும் வெள்ளத்தை நெஞ்சு தாங்காது. அதனால் நர்ஸம்மா திரும்ப வருவார், மார்பைப் பார்த்து முணுமுணுத்து எண்ணுவார், பழைய 21க்குக் கொண்டுவருவார். பாசன லஸ்கர் மதகைப் பூட்டிச் சாவியை எடுத்துப்போவதற்கு இதுவே வார்டுப் பதிப்பு.

எதிர்வாதம் ஒன்று: நம் ஊர் வார்டுகளில் மணிக்கட்டு வாட்ச்தானே அதிகம் கண்ணில் படுகிறது? படுகிறது, அதுவே குறை. கை கழுவ 40 முதல் 60 விநாடி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்; பட்டைக்கு அடியில் ஒளிந்த கிருமிக்கு அந்த நீர் எட்டாது. முழங்கைக்குக் கீழே வாட்ச் கூடாது என்று இங்கிலாந்துச் சுகாதாரத் துறை 2007இல் அறிவித்தது. நெஞ்சு வாட்ச்சும் அவ்வப்போது துடைக்கப்பட வேண்டியதே. ஆனால் அது கை கழுவலுக்குக் குறுக்கே வருவதில்லை.

உங்கள் வீட்டுப் பெண் நர்சிங் சேர்ந்திருந்தால், கும்பகோணம் கடைத்தெருவில் கல் பதித்த வாட்ச்சைக் காட்டுவார்கள். வேண்டாம். விநாடி முள் இருக்கிறதா, அது எளிதில் கண்ணுக்குத் தெரியும் நிறத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் எவ்வளவு விலை குறைத்தாலும் வாங்காதீர்கள்.