சனிக்கிழமைத் திக்விஜயம்

தம்பி, ஆகனுக்குப் படிக்க வந்த நம் பிள்ளைகளில் உன்னைப் போல ஊர் பார்த்தவன் ஒருவனும் இல்லை. இதை எங்கே வேண்டுமானாலும் அடித்துச் சொல்வேன். ஜெர்மனியும் நெதர்லாந்தும் பெல்ஜியமும் முட்டிக்கொள்ளும் மூலையில் இருக்கிறது அந்த ஊர். கொலோனுக்கு ரயிலில் ஒரு மணி நேரம். மாஸ்ட்ரிக்டுக்குப் பஸ்ஸிலேயே போய்விடலாம். பிரசல்ஸுக்கு விரைவு ரயிலில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. இப்படிப்பட்ட ஊரில் அறை எடுத்துக்கொண்டு சனிக்கிழமை பத்து மணி வரைக்கும் தூங்குகிறவர்கள் இருக்கிறார்கள். நீ அந்த ரகம் இல்லை. முதல் நாள் இரவே புளிச்சோறு கிளறி டப்பாவில் அடைத்து, போனுக்குச் சார்ஜ் ஏற்றி, விடியுமுன் பஸ் நிறுத்தத்தில் நிற்கிறாய். இரவு திரும்பும்போது உன் கணக்கில் இன்னொரு ஊர் ஏறியிருக்கும். வாய்த்தால் இன்னொரு நாடும்.

முதலில் உன் வேகத்தைச் சொல்ல வேண்டும். கொலோன் பேராலயத்துக்கு 1248ஆம் ஆண்டு அடிக்கல் நாட்டினார்கள். பதினாறாம் நூற்றாண்டில் பணமும் ஊக்கமும் வற்றி வேலை நின்றுபோனது. பாதியில் நின்ற தெற்குக் கோபுரத்தின் தலையில் ஒரு மரப் பாரந்தூக்கி, இறக்க ஆளின்றி முந்நூறு ஆண்டுக்கு மேல் அப்படியே இருந்தது. ஊரை வரைந்த ஓவியர்கள் அதையும் சேர்த்தே வரைந்தார்கள். 1842இல் மறுபடி தொடங்கி 1880இல் முடித்தார்கள். அறுநூற்று முப்பத்திரண்டு ஆண்டுகள் இழுத்த காரியத்தை நீ ரயில் மாறும் இடைவெளியில் முடித்தாய். ஸ்டேஷன் வாசலிலிருந்து சில எட்டு வைத்தால் ஆலயம். 157 மீட்டர் உயரமும் படத்தில் விழ வேண்டும் என்று உன் அறைத்தோழன் தரையில் மண்டியிட்டு எடுத்தான். அவனையும் பாராட்ட வேண்டும். உள்ளே பலிபீடத்துக்குப் பின்னால் மூன்று ராஜாக்களின் பொற்பேழை இருக்கிறது. குழந்தை இயேசுவைக் காண வந்த ஞானிகளின் எலும்புகள் என்று மக்கள் நம்பி வந்தவை அதற்குள் இருக்கின்றன. அந்தப் பேழைக்கு ஏற்ற வீடு வேண்டும் என்றுதான் அத்தனை பெரிய கோயிலையே எழுப்பத் தொடங்கினார்கள். ஆனால் உள்ளே போனால் அடுத்த வண்டி போய்விடும். எதை விடலாம் என்று கண நேரத்தில் தீர்மானிக்கும் தெளிவு உன் வயதில் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

நாடுகளைச் சேர்ப்பதிலும் உனக்கு நிகர் நீதான். வால்ஸ் ஊருக்கு மேலே, காட்டுக்குள் 322 மீட்டர் உயரக் குன்று ஒன்று இருக்கிறது. ஐரோப்பிய நெதர்லாந்தின் பெருநிலத்தில் அதைவிட உயரமான இடம் கிடையாது. மூன்று நாட்டு எல்லையும் கூடுகிற கல் அங்கேதான். ஒரு காலை பெல்ஜியத்திலும் இன்னொன்றை நெதர்லாந்திலும் வைத்து, கையை ஜெர்மனியில் ஊன்றி நீ எடுத்துக்கொண்ட படத்தை ஊரில் உன் சித்தப்பா எல்லோருக்கும் அனுப்பினார். அரை நிமிடத்தில் மூன்று நாடு.

அந்தக் கல்லுக்கு ஒரு காலத்தில் நான்கு பக்கம் இருந்தது, தம்பி. நெப்போலியன் வீழ்ந்த பிறகு எல்லை பிரித்தபோது, கெல்மிஸில் இருந்த துத்தநாகச் சுரங்கம் யாருக்கு என்று பிரஷ்யாவும் நெதர்லாந்தும் சண்டை போட்டன. இருவருக்கும் வேண்டாம் என்று 1816இல் அந்தச் சின்னத் துண்டு நிலத்தைப் பொதுவில் விட்டார்கள். மூன்றரைச் சதுர கிலோமீட்டர்தான் இருக்கும். நடுநிலை மோரெஸ்நெட் என்று பெயர். பெல்ஜியம் தனி நாடான பிறகு நான்கு எல்லையும் அந்தக் குன்றில் வந்து சேர்ந்தன. சுரங்கத்தில் தாது தீர்ந்தும் அந்த நிலம் யாருக்கும் சொந்தமில்லாமலே இருந்தது. 1908இல் சுரங்கக் கம்பெனியின் மருத்துவர் வில்ஹெல்ம் மோலியும் அவருடைய கூட்டாளிகளும், எஸ்பராண்டோ என்ற செயற்கை மொழி பேசும் நாடாக அதை ஆக்கிவிடலாம் என்று கிளம்பினார்கள். அமிக்கெயோ என்று பெயர் வைத்தார்கள். கொடியும் நாட்டுப்பாட்டும்கூடத் தயார் செய்தார்கள். யாருடைய தாய்மொழியும் ஆட்சி செய்யாத ஒரு நாடு. முதல் உலகப் போர் வந்து அந்தக் கனவை மிதித்தது. 1920இல் நிலம் பெல்ஜியத்துக்குப் போனது. கெல்மிஸில் அந்தச் சுரங்கத்துக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. ஆகனிலிருந்து டவுன் பஸ் போகிறது. ஆனால் இல்லாமல் போன நாட்டைப் பட்டியலில் ஏற்ற முடியாது. நீ உன் பொழுதைச் சரியாகத்தான் செலவிட்டாய்.

பிரசல்ஸ், கெண்ட், ப்ரூஜ் மூன்றையும் ஒரே நாளில் பார்த்தவன் நீ. அந்த நாளின் நேர அட்டவணையை உன் ஜூனியர்கள் கேட்டு வாங்கி வைத்திருக்கிறார்கள். பிரசல்ஸில் சிறுநீர் கழிக்கும் சிறுவன் சிலை முன்னால், கூட்டத்தில் முட்டி மோதி இடம் பிடித்தாய். இரண்டு அடிகூட இல்லாத அந்தச் சிலை 1965இல் வைத்த நகல். பதினேழாம் நூற்றாண்டில் ஜெரோம் துக்கெனுவா வார்த்த அசல், சில நிமிட நடையில், பெரிய சதுக்கத்து நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அங்கே முட்டவும் வேண்டாம், மோதவும் வேண்டாம்.

கெண்டைப் பற்றி மட்டும் கொஞ்சம் அதிகமாகப் பேசுவேன், பொறுத்துக்கொள். அங்கே புனித பாவோ பேராலயத்தில் வான் ஐக் சகோதரர்கள் 1432இல் முடித்த பலிபீட ஓவியம் இருக்கிறது. ஓக் பலகைகளில் எண்ணெய் வண்ணம். அறுநூறு ஆண்டாக அதைத் தூக்கிக்கொண்டு போகாத படை இல்லை. பிரெஞ்சுப் படை சில பலகைகளைப் பாரிஸுக்குக் கொண்டு போனது. நாஜிகள் அபகரித்து ஆஸ்திரியாவில் அல்டவுஸே உப்புச் சுரங்கத்தில் பதுக்கினார்கள். 1945இல் மீட்டு வந்தார்கள். 1934இல் ஓர் இரவு ‘நேர்மையான நீதிபதிகள்’ என்ற பலகையை யாரோ களவாடிப் போனார்கள். இன்று வரைக்கும் அது கிடைக்கவில்லை. இடது கீழ்மூலையில் இருப்பது பிறகு வரைந்து வைத்த நகல்.

நடுவில், பச்சைப் புல்வெளியில், பீடத்தின் மேல் ஓர் ஆட்டுக்குட்டி நிற்கிறது. அதன் மார்பிலிருந்து இரத்தம் மெல்லிய வில்லாக வளைந்து ஒரு பொற்கிண்ணத்தில் விழுகிறது. பின்னாளில் யாரோ அதன் முகத்தின் மேல் சாதாரண ஆட்டு முகம் ஒன்றைப் பூசி வைத்திருந்தார்கள். அண்மையில் பழுதுபார்த்தவர்கள் அந்தப் பூச்சைச் சுரண்டி எடுத்தபோது, வான் ஐக் வரைந்த முகம் வெளியே வந்தது. கண்கள் இரண்டும் முன்பக்கம் பார்க்கின்றன, ஏறக்குறைய மனிதக் கண்கள். அதன் எதிரே நின்றால் பார்க்கப்படுவது நாம்தான். புல்வெளியில் செடி கொடிகளைத் தாவரவியலார் பேர் சொல்லி அடையாளம் காட்டுகிற அளவுக்கு இலை இலையாக வரைந்திருக்கிறார்கள். அதை ஒரு மணி நேரம் பார்த்தாலும் பாதிதான் பார்த்ததாகும்.

ஆலயத்துக்குள் சும்மா போகலாம், அந்த ஓவியத்துக்கு மட்டும் கட்டணம் உண்டு. நீ கட்டணப் பலகையைப் படித்தாய். வெளியே வந்து, கிரீமும் ஸ்ட்ராபெர்ரியும் வைத்த வாஃபிள் வாங்கினாய். மணிக்கூண்டு பின்னால் தெரியும்படி அதைப் பிடித்துப் படம் எடுத்தாய். படம் மிக நன்றாக வந்திருந்தது. கிரீம் உருகுவதற்குள் எடுத்த கைத்திறமை அது.

சிக்கனத்தை நான் பழிக்கவில்லை. விசாவுக்காக முடக்கக் கணக்கில் கட்டும் 11,904 யூரோவில் மாதம் 992 யூரோதான் கைக்கு வரும். வாடகையும் காப்பீடும் போனால் மிஞ்சுவது என்ன என்பது எல்லோருக்கும் தெரியும். ஊரில் வீட்டுப் பத்திரம் பாங்கில் இருக்கிறது. ரயில் நிலைய பெஞ்சில் உட்கார்ந்து குளிரில் விறைத்த புளிச்சோற்றைத் தின்றுவிட்டு ஊர் பார்க்கிற பிள்ளையை எவன் குறை சொல்வான்? அந்த டப்பாவுக்கு முன்னால் எனக்குத் தலை தாழ்கிறது. அத்தனை பாடுபட்டுப் போய்ச் சேர்ந்த இடத்தில், போனதற்கான காரணத்தை மட்டும் நீ மிச்சம் பிடிக்கிறாயே என்பதுதான் என் ஆற்றாமை.

ஆம்ஸ்டர்டாமுக்கு வருகிறேன். நாஜிகளுக்கு அஞ்சி ஆன் பிராங்க் என்ற சிறுமி ஒளிந்திருந்த வீட்டுக்கு டிக்கெட் இணையத்தில் மட்டும்தான் உண்டு. செவ்வாய்க்கிழமைதோறும், ஆறு வாரத்துக்கு முன்னதாக விற்பனைக்கு வரும். நீ முந்தைய இரவு முடிவெடுத்துக் காலையில் கிளம்புகிறவன். உனக்கு அது கிடைக்காது. அதனால் சோர்ந்துவிடாமல் பிரின்சன்கிராக்ட் கால்வாய் ஓரத்தில், அந்த வாசலுக்கு எதிரே நின்று, இரண்டு விரலை விரித்துக் காட்டிச் சிரித்தபடி படம் எடுத்துக்கொண்டாய். அந்த வாசலில் சிரிக்க எல்லோராலும் முடியாது. இரண்டு ஆண்டுக்கு மேல் பகலில் தண்ணீர்க் குழாயைத் திறக்கவும் அஞ்சி எட்டுப் பேர் அங்கே அடைந்து கிடந்தார்கள். திரும்பி வந்தவர் ஆனின் தகப்பன் ஒருவர்தான்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அந்தக் குழந்தை ஆம்ஸ்டர்டாமுக்குப் போனது ஆகனிலிருந்து. அவள் தாய் ஏடித் ஆகன்காரி. 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் பிராங்பர்ட்டைவிட்டுக் கிளம்பிய தாயும் இரண்டு பெண்பிள்ளைகளும் ஆகனில் பாட்டி ரோசா வீட்டில் தங்கினார்கள். தகப்பன் முன்னால் போய் ஆம்ஸ்டர்டாமில் தொழிலும் வீடும் பார்த்தார். தாயும் அக்காவும் முதலில் போய்ச் சேர, நான்கு வயது ஆன் மட்டும் 1934 பிப்ரவரி வரைக்கும் பாட்டியோடு இருந்தாள். அந்த வீடு பாஸ்டர்பிளாட்ஸில் இருந்தது. உன் ஊரில், நீ நடந்தே போகக்கூடிய தூரத்தில். இத்தனை பருவம் முடித்த நீ, அந்தச் சதுக்கத்தை ஒரு முறையும் தேடிப் போனதில்லை. தூரத்தில் இருப்பதைத் தேடிப் போகிறவன் பக்கத்தில் இருப்பதில் மயங்க மாட்டான் என்று உன் நண்பர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம்.

உன் ஊர்ப் பேராலயத்துக்கும் அதே மரியாதைதான் செய்திருக்கிறாய். 1978இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலைத் தொடங்கியபோது முதல் பன்னிரண்டு இடங்களில் ஒன்று அது. ஜெர்மனியிலிருந்து ஏறிய முதல் இடமும் அதுவே. பேரரசர் சார்லமேன் கட்டிய எண்கோண மண்டபம். 814இல் அவரை அங்கேயே அடக்கம் செய்தார்கள். மாடத்தில் வெள்ளைச் சலவைக்கல் பலகைகளால் ஆன எளிய சிம்மாசனம். 936 தொடங்கி 1531 வரைக்கும் ஜெர்மானிய அரசர்கள் முடிசூடி வந்து அமர்ந்த இடம். நீ தினம் அதைச் சுற்றிக்கொண்டுதான் மார்க்கெட்டுக்குப் போகிறாய். அதற்கு ரயில் டிக்கெட் வேண்டாம் என்பதால் அது பயணத்தில் சேரவில்லை.

அந்தக் கோயில் வாசலில் ஓநாய்க் கதவு என்று வெண்கலக் கதவு ஒன்று இருக்கிறது. ஊரார் ஒரு கதை சொல்வார்கள். கோயில் கட்டப் பணம் தீர்ந்தது; சாத்தானிடம் கடன் வாங்கினார்கள். முதலில் உள்ளே நுழையும் உயிர் எனக்கு என்றான் அவன். கட்டி முடித்ததும் ஓர் ஓநாயைப் பிடித்து உள்ளே விட்டார்கள். ஏமாந்தவன் ஆத்திரத்தில் கதவை அறைந்து சாத்தினான். அவன் கட்டைவிரல் அதில் சிக்கி அறுந்துபோனது. கதவில் இருக்கிற சிங்க முகத்தின் வாய்க்குள் விரலை விட்டால் அந்தக் கட்டைவிரல் தட்டுப்படும். ஊர்க் குழந்தைகள் எல்லோரும் விட்டுப் பார்த்திருக்கிறார்கள். கடன் வாங்கிப் படிக்க வந்த பிள்ளை நீ, கடனைப் பற்றிய இந்தக் கதையைக் கேட்காமல் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடாதே.

இனிப் பாராட்டு போதும். அடுத்த சனிக்கிழமை புளிச்சோறு கிளறு. ஆனால் ரயில் ஏறாதே. பாஸ்டர்பிளாட்ஸ் போய்விட்டு அங்கிருந்து பேராலயத்துக்கு நட. அதற்கடுத்த முறை கெண்டுக்குப் போ. கெண்டுக்கு மட்டும் போ. வாஃபிள் காசைக் கட்டணத்தில் போடு. ஆட்டுக்குட்டிக்கு முன்னால் போனைப் பைக்குள் வைத்துவிட்டு நில். ஆகன் சிம்மாசனத்தை வழிகாட்டியோடு போனால்தான் காட்டுவார்கள்; பேராலயத்துக்கு எதிரே இருக்கும் தகவல் மையத்தில் அதற்குச் சீட்டு வாங்கிக்கொள்.