புதிதாக வாங்கிய பழைய கார்: மூலமும் உரையும்

பாயிரம்

'புதிதாக வாங்கிய பழைய கார்' என்ற தொடரில் முரண் ஏதும் இல்லை. கார் பழையது, கடன் புதியது. இவ்விரண்டையும் ஒரே குடும்பத்தலைவர் சுமக்கும் நிலையே இவ்வாய்வின் பொருள்.

பழைய காரை இக்கட்டுரை ஓர் ஏட்டுச் சுவடியாகவே கொள்கிறது. முன்பு வைத்திருந்தவர் எழுதியது, டிங்கர் திருத்தியது, தரகர் பாலிஷ் போட்டு வெளியிட்டது. வாங்கியவரோ அதை ஒரு வரியும் படிக்காமல் மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்து, நேரே சாலைக்குக் கொண்டுபோகிறார். பிறகு நடப்பதற்கு 'ராசியில்லாத வண்டி' என்று பெயர்.

ஆய்வு எல்லை: பெட்ரோலில் ஓடும், கையால் கியர் போடும், பத்து வயது கடந்த சிறிய கார், களம் சென்னையும் சுற்றுவட்டாரமும். கருதுகோள் ஒன்றே: பழைய காரின் நோய் பெரும்பாலும் மலிவான சாமானில் தொடங்குகிறது, பெரிய செலவு தப்பான வாசிப்பில் தொடங்குகிறது.

முந்தைய ஆய்வுகள்

இத்துறையில் மூன்று மரபுகள் உள.

முதலாவது மாமனார் மரபு. "அம்பாசடர் தகடு மாதிரி வருமா மாப்ளே?" என்பது இதன் மூலச் சூத்திரம். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வார்ப்பில் பிறந்த அந்த வண்டி, 2014இல் மேற்கு வங்கத்து உத்தர்பாரா ஆலையோடு நின்றுவிட்டது என்ற செய்தியை இம்மரபினர் ஏற்பதில்லை.

இரண்டாவது மச்சான் மரபு. "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா மாமா?" இவர்கள் மாருதி 800 காலத்தவர். 1983 டிசம்பரில் சாலைக்கு வந்து அதே 2014இல் உற்பத்தி நின்ற, 796 சிசி கொண்ட அந்த மூன்று சிலிண்டர் இன்ஜினை ஒரு ஸ்பானரும் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் வைத்தே சரிசெய்துவிடலாம் என்பர். கார்புரேட்டர் போய்க் கம்ப்யூட்டர் வந்துவிட்டது என்றால், "அதைத்தான் கழட்டிப் போடணும்" என்பாரும் உளர்.

மூன்றாவது அடுக்ககச் செயலாளர் மரபு. இது முற்றிலும் களஆய்வு சார்ந்தது. "சார், உங்க வண்டி தரையைக் கறையாக்குது" என்பதோடு முடிந்துவிடும். மூன்றனுள் ஓரளவாவது அறிவியல் அடிப்படை உள்ளது இதற்கு மட்டும்தான். விளக்கம் பின்னர் வரும்.

மூலபாட ஆய்வு

சுவடியைக் கையில் எடுத்ததும் காலம் கணிக்க வேண்டும். காரில் இதற்குரிய கல்வெட்டு டயரின் பக்கவாட்டில் இருக்கிறது. நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. '3516' என்றால் 2016ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் பிறந்த டயர். பூஜையின்போது சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்க எப்படியும் குனியத்தான் போகிறோம். அப்போதே படித்துவிடுவது காலச் சிக்கனம். பட்டன் எவ்வளவு இருந்தாலும், வயதான டயரின் ரப்பர் இறுகி வெடிப்பு விடும். வாங்கியவரோ அதற்குப் பக்கத்திலேயே நின்று புது சீட் கவருக்கு விலை பேசிக்கொண்டிருப்பார்.

அடுத்தது பாடபேதம். ஓடோமீட்டர் 31,000 கி.மீ. என்கிறது. பிரேக் மிதியின் ரப்பரோ வரி தேய்ந்து வழவழப்பாகக் கிடக்கிறது, ஸ்டியரிங் பளபளக்கிறது, டிரைவர் சீட்டின் வெளி ஓரம் அமுங்கியிருக்கிறது. இங்கே ஓடோமீட்டரின் கூற்றைத் தள்ளி, மிதியின் கூற்றையே கொள்ள வேண்டும். எண்ணைத் திருத்தக் கருவி உண்டு. மிதியை யாரும் திருத்துவதில்லை. மாற்றினால் 'பத்து வருட வண்டிக்குப் புது மிதி எதற்கு?' என்ற கேள்வி எழும். இரண்டும் ஒன்றையொன்று மறுத்தால் சர்வீஸ் பில்களைக் கேட்க வேண்டும். 'வீடு மாறும்போது தொலைந்துபோச்சு' என்ற விடை வந்தால், அதுவும் ஒரு தரவே.

இடைச்செருகலைக் கண்டுபிடிப்பது எளிது. கண்ணாடி ஒவ்வொன்றின் மூலையிலும் தயாரித்தவரின் முத்திரையும் காலக் குறியும் இருக்கும். ஐந்து கண்ணாடி ஒரு குறியும் ஆறாவது வேறு குறியும் சொன்னால், அந்தப் பக்கம் ஏதோ நடந்திருக்கிறது. பானெட் கீல் போல்ட்டின் தலையில் பெயிண்ட் உடைந்திருந்தால் அது கழற்றி மாட்டப்பட்டது. குளிர்பெட்டியில் ஒட்டியிருக்கும் திருப்பதி படக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக் கதவில் வைத்துப் பார்க்கலாம். தகட்டில் ஒட்டும், கனமாகப் பட்டி பார்த்த இடத்தில் நழுவும். பிளாஸ்டிக் பம்பரில் ஒட்டவில்லையே என்று அலறுவது ஆய்வு நெறியன்று.

நீர்ச்சிதைவு தனி அதிகாரம். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் நனைந்த கார்கள் எல்லாம் காயலான் கடைக்குப் போய்விடவில்லை. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்க்க வேண்டும். வெளியே தெரியும் பகுதியைக் கழுவுவார்கள். சுருளுக்குள் இருக்கும் கடைசி ஒரு முழத்தை யாரும் கழுவுவதில்லை. அதில் சேற்றுக் கோடு தெரிந்தால், ஸ்டெப்னி வைக்கும் குழியிலும் தரைவிரிப்புக்கு அடியிலும் வண்டலைத் தேடலாம். மூன்றிலும் மண் கிடைத்தால், அந்த வண்டியின் வயரிங் பற்றி மேலும் ஆராய்வது வாங்காதவரின் சுகம்.

ஒலியியல்

பழைய கார் பேசும். அதை ஷெட்டில் போய் நாம் எப்படிச் சொல்கிறோம் என்பதில்தான் பில் இருக்கிறது. "ஏதோ சத்தம் வருது" என்பது தரவே அன்று. எப்போது, எங்கிருந்து, எந்த வேகத்தில் என்ற மூன்றும் வேண்டும்.

சாவி திருப்பியதும் 'டகடகடக' என்று விடாமல் அடித்தால் பேட்டரியில் தெம்பு இல்லை, அல்லது டெர்மினல் தளர்ந்திருக்கிறது. ஒரே ஒரு 'டக்' கேட்டு, முகப்பு விளக்கும் மங்காமல் நின்றால், சந்தேகம் ஸ்டார்ட்டர் மோட்டார் பக்கம். இரண்டுக்கும் விலையில் பெரிய தூரம். முதல் வகையில் பேட்டரியே வேண்டும் என்று முடிவு கட்டுமுன், டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கிறதா பார்க்க வேண்டும். நெகட்டிவை முதலில் கழற்றி, வெந்நீர் ஊற்றித் துடைத்து, இறுக்கி, வாஸ்லின் தடவி, நெகட்டிவைக் கடைசியில் மாட்டினால் பாதி 'டகடக' அடங்கிவிடும். அப்படியும் அடங்காவிட்டால் மீட்டர் வைக்கலாம். இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது. இன்ஜின் ஓடும்போது 14 வோல்ட் அளவுக்கு ஏறவில்லை என்றால் குற்றம் ஆல்டர்னேட்டருடையது. புது பேட்டரி வாங்கினாலும் அது பட்டினி கிடந்து சாகும்.

காலையில் முதல் ஸ்டார்ட்டில் 'கீச்ச்ச்' என்றால் பெல்ட். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திரும்பும்போது சக்கரப் பக்கம் 'கட்கட்கட்' என்றால் டிரைவ் ஷாஃப்ட் ஜாயிண்ட். வேகத்தோடு கூடவே ஏறும் 'ஊஊ' என்ற ஓசை, வண்டியை லேசாக இடமும் வலமும் ஆட்டும்போது மாறினால் வீல் பேரிங். பிரேக் மிதித்தால் 'கிரீச்' என்று தகரம் உரசினால், பேட் தேய்ந்துவிட்டதைச் சொல்லவென்றே அதில் வைத்த தகடு தன் கடமையைச் செய்கிறது. இதை ரேடியோ சத்தத்தை ஏற்றிச் சமாளிப்பாரும் உளர். அது பொருந்தாமை அடுத்த சிக்னலில் காண்க.

மேடுபள்ளத்தில் 'லொடலொட' என்பதற்கு சஸ்பென்ஷன் புஷ், லிங்க் ராட் எனப் பல காரணம் கூறுவர். அதற்குமுன் டிக்கியைத் திறந்து ஜாக்கியை அதன் இடத்தில் இறுக்கிவைக்க வேண்டும். கதவுப் பையில் கிடக்கும் சில்லறைக் காசு, சீட்டுக்கு அடியில் உருளும் தண்ணீர்ப் பாட்டில், முன்பு வைத்திருந்தவர் மறந்த குடை ஆகியவற்றையும் அகற்ற வேண்டும். இதன்பின் எஞ்சும் லொடலொடப்பே ஆய்வுக்குரியது.

இனி இத்துறையின் மிகப் பழைய புதிர்: வீட்டில் வரும் சத்தம் ஷெட் வாசலில் நின்றுவிடுவது ஏன்? கண்ணேறு, வாஸ்து, மெக்கானிக்கின் கைராசி எனக் காரணம் கூறுவார் கூற்று இங்கு மறுக்கப்படுகிறது. குளிர்ந்த இன்ஜினில் உலோகப் பாகங்களுக்கு நடுவே இடைவெளி வேறு. ஆயில் கீழே வடிந்து கெட்டியாக நிற்கும். ஷெட்டுக்குப் போகும் வழியில் இன்ஜின் சூடேறி, பாகங்கள் விரிந்து, ஆயில் எல்லா இடமும் பரவிவிடுகிறது. சத்தம் அடங்கிவிடுகிறது. ஆகவே காலைச் சத்தத்தைக் காட்ட விரும்புபவர் வண்டியை முந்தின இரவே ஷெட்டில் விட்டுவிட வேண்டும். காலையில் மெக்கானிக் முன்னிலையிலேயே முதல் சாவி திருப்ப வேண்டும்.

நீர்மவியல்

செயலாளர் மரபின் பங்களிப்பு இங்கே. இரவில் காருக்கு அடியில் பழைய தினசரித்தாளை விரித்துவைத்தால், காலையில் அறிக்கை தயார். ஏசி போட்டு ஓட்டியபின் சொட்டும் நிறமற்ற தண்ணீர் நல்ல தண்ணீர். காற்றின் ஈரம்தான் அது. சென்னையில் அது சொட்டாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். அதே தண்ணீர் வண்டிக்குள் முன் சீட்டுக்காரர் காலடியில் சொட்டினால், பெரும்பாலும் வடிகுழாய் அடைத்திருக்கிறது, காற்றடித்தால் போதும். கறுப்பும் பழுப்புமாகப் பிசுபிசுத்தால் இன்ஜின் ஆயில். பச்சையோ சிவப்போ நீலமோ நிறம் கொண்டு இனிப்பு வாடை அடித்தால் கூலண்ட். சக்கரத்தின் உட்பக்கம் மஞ்சளாக வழுக்கினால் பிரேக் ஆயில். அன்று வண்டியை எடுக்கவே கூடாது.

ஆயில் மூடியைத் திறந்தால் உட்புறம் பால் மாதிரி வெளுத்திருக்கிறது. 'ஹெட் கேஸ்கெட் போச்சு' என்று உடனே தீர்ப்பு வரும். பொறுக்க. பால்கடைக்கும் பள்ளிக்கும் மட்டும் போய்வரும் வண்டியில், இன்ஜின் முழுக்கச் சூடேறாததால் மூடியில் ஈரம் படிந்து இப்படி வெளுப்பதுண்டு. டிப்ஸ்டிக்கிலும் அதே நிறம் தெரிந்து, கூலண்டும் நாளுக்கு நாள் குறைந்து, சைலன்சரில் வெண்புகை நிற்காமல் வந்தால்தான் கேஸ்கெட். நீலப் புகை ஆயில் எரிவது. கரும்புகை பெட்ரோல் மிகுவது. கூலண்ட் தொட்டியில் துரு நிறத்தில் போர்த் தண்ணீர் இருந்தால், முந்தைய ஆசிரியரின் சிக்கன உணர்வு அறியப்படும். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறந்து இதைச் சோதிப்போர் முகம் வேகும்.

விளக்கு

சாவியை ஆன் செய்ததும் டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்குகள் எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். அணையாதது ஒரு நோய். முதலிலேயே எரியாதது அதைவிடப் பெரிய நோய். விளக்கையே யாரோ பிடுங்கியிருக்கலாம். செக் இன்ஜின் விளக்கு நின்று எரிந்தால் ஸ்கேனர் மாட்டிக் கோடு பார்ப்பார்கள். கோடு முகவரியைத்தான் சொல்லும், குற்றவாளியைச் சொல்லாது. 'P0420' என்று வந்தவுடன் விலையுயர்ந்த கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கழற்றுவோர், ஆக்சிஜன் சென்சாரும் சைலன்சர் ஓட்டையும் அதே கோடைத் தரவல்லவை என்பதை மறந்தவர்கள்.

உரையாசிரியர்கள்

மெக்கானிக்குகள் இத்துறையின் உரையாசிரியர்கள். எந்த உரையும் முந்தைய உரையை மறுத்தே தொடங்கும்: "யார் சார் இதுல கை வெச்சது?" பானெட்டைத் திறந்ததும் இந்த வாக்கியம் வராத ஷெட்டை இவ்வாய்வாளர் கண்டதில்லை. அடுத்தது, "ஹெட்டை இறக்கிப் பார்த்தாத்தான் தெரியும்." இறக்கிய பின் தெரியாவிட்டாலும் இறக்கிய கூலி தெரியும்.

நல்ல உரையாசிரியரை அறிய வழி உண்டு. அவர் முதலில் கேள்வி கேட்பார். பிறகு காது கொடுப்பார். கடைசியில்தான் ஸ்பானரை எடுப்பார். மாற்றிய பழைய பார்ட்டைக் கேட்காமலே கையில் கொடுப்பார். புதுப்பேட்டையில் கிடைக்கும் பழைய சாமான்களில் கதவுக் கைப்பிடி, கண்ணாடி, விளக்கு போன்றவற்றை வாங்கலாம் என்றும், பிரேக் சம்பந்தப்பட்ட எதையும் வாங்கக் கூடாது என்றும் வேறுபடுத்திச் சொல்வார்.

முடிபுகள்

வாங்கிய வாரமே இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், கூலண்ட், பிரேக் ஆயில் ஆகியவற்றை மாற்றித் தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு நோட்டில் எழுதுக. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது வழக்கம். இன்ஜினில் டைமிங் பெல்ட் இருந்து, அதை எப்போது மாற்றினார்கள் என்பதற்குச் சான்றும் இல்லையென்றால், மாற்றிவிடுக. அறுந்தால் பல இன்ஜின்களில் வால்வுகள் வளைந்துவிடும். அதன்பின் ஹெட்டை இறக்கத்தான் வேண்டும். மற்ற எந்தக் கோளாறுக்கும் மலிவான காரணத்தை முதலில் சோதித்து, விலை ஏறுமுகமாகப் போகவும்.

இவையனைத்திலும் மலிவான பழுது காரில் இல்லை, ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிறது: அதில் இன்னும் வேறொருவர் பெயர். படிவம் 29, படிவம் 30 இரண்டும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சேர வேண்டும். ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளுக்குள்ளும், வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆம் பிரிவு. இன்சூரன்ஸ் மாற்றத்துக்கு வாங்கியவர் விண்ணப்பிக்க 14 நாள். விபத்து இழப்பீட்டு வழக்கில், பதிவேட்டில் பெயர் உள்ளவரே வண்டியின் உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்திருக்கிறது. பெயர் மாறும்வரை மாலை போட்டது நீங்கள். கார் இன்னும் அவருடையது.