சாசுவத பந்தம்

இராயபுரத்தில் ஒரே பெயர்ப்பலகையில் விவாகரத்தையும் நிலத்தகராறையும் அருகருகே எழுதிவைத்திருக்கும் வக்கீலின் தீர்க்கதரிசனத்தை மெச்சாதிருக்க இயலவில்லை. மனமொத்துப் பிரிய விழையும் தம்பதியரை ஆறு மாதம் பொறுக்கச் சொன்னது 1976-இல் இந்து திருமணச் சட்டத்தில் சேர்ந்த 13-பி பிரிவு. அதையும் தளர்த்தலாமென்று சுப்ரீம் கோர்ட்டு 2017-இல் கருணை காட்டிவிட்டதால், தாம்பத்தியம் சடுதியில் முடிந்துவிடுகிறது. பாட்டனார் திருவொற்றியூரில் விட்டுப்போன அரைக் கிரவுண்டின் பாகப்பிரிவினை வழக்கோ, வாதி காலமானதும் அவர் வாரிசுகளையும், பின்னர் அவ்வாரிசுகளின் வாரிசுகளையும் அன்போடு அரவணைத்து, பந்துக்களை வாய்தாவுக்கு வாய்தா ஒன்றுகூட்டும் மகத்தான குலதர்மமாக விளங்குகிறது. விவாகரத்துப் பெற்ற தம்பதியரே மகனின் பாகத்துக்காக அதே வக்கீலின் பெஞ்சில் மறுபடியும் சேர்ந்தமர்ந்து, ஒரே வக்காலத்தில் கையெழுத்திடுகிறார்கள். ஆகவே பெண்பார்க்கப் புறப்படும் பெரியோர்களே, ஜாதகத்தைப் பிறகு பார்க்கலாம்; முதலில் வில்லங்கச் சான்றிதழைக் கேளுங்கள்.